கரி பஸ்ஸும் ஓடிப்போன மாப்பிள்ளையும்

மகனே, ஸலாம். கடிதம் என்றால் மேலே ஒரு விலாசம் இருக்க வேண்டும். உன் விலாசம் எனக்குத் தெரியாது. ஆகையால் பத்திரிகை போகிற எல்லா விலாசத்துக்குமாக இதை எழுதுகிறேன்; அவற்றில் ஒன்றில் நீ இருந்தால் சரி. என் கோணல் கட்டுரைகளை வழக்கமாகப் போடும் ஆசிரியரிடம் போய்க் கேட்டபோது, மனிதர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "என்ன பாய், யுத்தத்துல காகிதத்துக்கே பஞ்சமாக் கெடக்கு. உம்ம வீட்டுக் கதைய அச்சடிக்கவா கடை தொறந்திருக்கேன்?" என்றார். "அண்ணே, ஊர்ல வாய்வழியா ஏற்கெனவே அச்சடிச்சு முடிச்சிட்டாங்க. அதுல அம்புட்டும் பிழை. திருத்தம் போடத்தான் வந்திருக்கேன்" என்றேன். சிரித்துவிட்டார். சிரிக்கிறவரிடம் காரியம் ஆகும் என்பது என் அனுபவம். நீயோ சிரிப்பைக் கேட்டு ஓடினவன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வளவளக்கலாம். சோழவந்தானில் மைமூன் என்ற பெண் உன் பதிலுக்காக இருக்கிறாள். நோன்புப் பெருநாளுக்குள் நீ வர வேண்டும், அல்லது வரமாட்டேன் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். அவளை உனக்கு நிச்சயம் செய்த மறுநாள் காலையில், "ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாய். எந்த ஊர் ஸ்டேஷன் என்று சொல்லவில்லை. ஜவுளிக்கடைக்காரர் உன்னைத் திருச்சியில் பார்த்தாராம், மெலிந்து போயிருந்தாயாம். அவருடைய மச்சான் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற இடத்தில் பார்த்தாராம், சதை போட்டிருந்தாயாம். இரண்டு பேரும் பார்த்தது ஒரே நாளில். பிறத்தியார் வீட்டுக் கதையை வீட்டுக்கு வீடு கொண்டு போய்க் கொடுத்தே வயதாகிவிட்ட எனக்கு, என் வீட்டுக் கதையை இன்னொருவர் வந்து சொல்லக் கேட்பது புது அனுபவம். ஒன்று மட்டும் சொல்வேன்: இவர்களுக்குக் கதை சொல்லத் தெரியவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவதில்லை.

நீ வடக்கே எங்காவது போயிருந்தால் இங்கிலீஷ் பேப்பரில் விளம்பரம் போடலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரத்தோடு இங்கிலீஷுக்கு முதுகைக் காட்டினவன். ஆனாலும் நீ விட்டுப்போன அகராதியைத் தூசி தட்டி எடுத்து, ஓடிப்போனதற்கு அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தேன். 'ரன்' என்று போட்டிருந்தது. இங்கிலீஷில் மூன்றே எழுத்து; பார்க்கச் சாதுவாக இருந்தது. பக்கத்தைப் புரட்டினால் தீரவே இல்லை, மகனே! முதலில் மனிதனும் குதிரையும் காலால் ஓடுவதைக் கொஞ்சம் போட்டுவிட்டு, பிறகு கால் இல்லாததெல்லாம் ஓடுவதைப் பத்தி பத்தியாகப் போட்டிருக்கிறார்கள். ஆறு ஓடுகிறது, பஸ் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது. சரி, நமக்கும் அப்படித்தான். ஆனால் அவர்களுக்கு மூக்கும் ஓடுகிறது. துணியில் சாயம் ஓடுகிறது. வயலைச் சுற்றி வேலி ஓடுகிறது. எங்கே போகிறதோ தெரியவில்லை. கையிருப்பு தீர்ந்தால் அதுவும் ஓடிவிடுகிறது. குடும்பக் குணம் இரத்தத்தில் ஓடுகிறது. கடையை ஓட்டுகிறார்கள், பள்ளிக்கூடத்தை ஓட்டுகிறார்கள், வீட்டை ஓட்டுகிறார்கள், ராஜ்யத்தையும் ஓட்டுகிறார்கள். நாம் என்ன செய்கிறோம் என்று கையை முகவாயில் வைத்து யோசித்தேன். நாம் கடை நடத்துகிறோம். குடும்பம் நடத்துகிறோம். கல்யாணம் நடக்கிறது, நல்லது நடக்கிறது, நடக்கக் கூடாததும் சில வேளை நடக்கிறது. அவர்கள் ஓட்டுகிறதையெல்லாம் நாம் நடத்தியே கொண்டு வந்திருக்கிறோம். பெரிய கண்டுபிடிப்பு என்று உன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பாமலே, "நடத்துறது நானு. நீங்க ஓட்டுறது வாய மட்டுந்தான்" என்றாள். விளம்பரம் எழுதுகிற வேலை அன்றோடு நின்றது.

அந்த அகராதி சொல்கிறபடி பார்த்தால், ஓடுவது நம் குடும்பத்து இரத்தத்தில்தான் ஓடுகிறது. உன் பாட்டனார், அதாவது என் அத்தா, இளவட்டத்தில் வீட்டில் கோபித்துக்கொண்டு கொழும்புக்கு ஓடினார். கப்பல், கடல், அந்நியச் சீமை. ஓட்டம் என்றால் அது ஓட்டம். திரும்பி வரும்போது ஒரு கைக்கடிகாரமும் சிங்களத்தில் நாலு வசவும் கொண்டு வந்தார். அவருக்குப் பிள்ளையாகப் பிறந்த நானும் ஒரு நாள் ஓடினேன். எண்ணெய் வாங்கி வரச் சொன்ன அத்தா எல்லார் முன்னாலும் காதைத் திருகியே அனுப்பினார் என்பது என் மனக்குறை. தூக்குச்சட்டியோடு நேரே மேற்கே ஓடினேன். ரோஷம் என்னைக் கீழக்குயில்குடி வரைக்கும் கொண்டுபோயிற்று. அங்கே மலைமேல் சமண முனிவர்கள் படுத்த கல்படுக்கை இருக்கிறதே, அதில் படுத்து, இனி உலகம் வேண்டாம் என்று தீர்மானித்தேன். சூடு ஏறிய கல்லில் சும்மா படுப்பதற்கே முனிவராக இருக்க வேண்டும் என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. மடியில் வைத்திருந்த பன் ரொட்டியைக் குரங்கு பறித்துக்கொண்டது. பொழுது சாய வீட்டுக்குத் திரும்பினேன். கட்டித் தழுவி அழுவார்கள், அல்லது அடிப்பார்கள் என்று இரண்டுக்கும் தயாராக வந்தேன். அத்தா நிமிர்ந்து பார்த்து, "எண்ணெய் எங்கடா?" என்றார். நான் ஓடிப்போனதே வீட்டில் யாருக்கும் தெரியாது! இன்றைக்கு வரைக்கும் அது வெளியே வராத செய்தி. உனக்காக அச்சில் ஏற்றுகிறேன். எதற்குச் சொல்கிறேன் என்றால், ஓடுகிறவனுக்குப் போகிற வழி சுலபம். திரும்புகிற வழியில்தான் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் யாராவது நிற்கிறது போலத் தோன்றும். எனக்கு யாரும் நிற்கவில்லை, தப்பித்தேன். உனக்கு ஊரே நிற்கும். நிற்கட்டும். அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆளுக்கொரு கதை என் மடியில் இருக்கிறது.

இப்போது அந்த நாளுக்கு வருவோம். நீ அங்கேதான் இருந்தாய், உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீ பஸ்ஸின் பின்னால் இருந்தாய். முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது. நிச்சயத்துக்கு மாப்பிள்ளை போகிற வழக்கம் நம்மில் இல்லை. நீ வீட்டில் இருந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. யுத்தம் வந்து பெட்ரோல் மறைந்து, நம்முடைய ஒரே பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டினோமே, அன்று முதல் அதற்கு முன்னால் ஒரு டிரைவர் போதாது, பின்னால் ஒரு சமையல்காரரும் வேண்டியிருந்தது. கரியைப் போட்டு, நெருப்பு மூட்டி, காற்றடிக்கிற கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி, புகை வாகாக வந்த பிறகுதான் என்ஜின் கண்ணைத் திறக்கும். அந்த அடுப்புக்காரர் அன்று பார்த்துக் காய்ச்சலில் படுத்துவிட்டார். அந்த அடுப்பின் குணம் தெரிந்த இன்னொருவன் நீதான். "பின்னாலயே இருந்துட்டு, சோழவந்தான்ல எறங்காம இருந்துக்கிறேன் அத்தா" என்றாய். நல்ல யோசனையாகத்தான் பட்டது. பெண்டுகள் மடியில் வெற்றிலைத் தட்டு, பூத்தட்டு, ரேஷனில் மிச்சம் பிடித்துச் சேர்த்த சர்க்கரைத் தட்டு. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற பெண் வீட்டுக்கே மதுரையிலிருந்து வெற்றிலை கொண்டுபோகிற மடமையை உன் அம்மா காளவாசல் தாண்டுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஊருக்குள் ஏறுகிற வாய்க்கால் மேட்டில் பஸ் நின்றது. அது அங்கே நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கரி பஸ்ஸுக்கு மேடு என்றால் வழிபாட்டுத் தலம் மாதிரி, நின்று மூச்சு வாங்காமல் போகாது. நம் பஸ்ஸில் ஒரு சட்டம் உண்டு: மேடு வந்தால் முன் ஸீட்டோ பின் ஸீட்டோ, ஆண்பிள்ளை இறங்கித் தள்ள வேண்டும். சட்டம் போட்டவன் நான். சம்பந்தி வீட்டுக்குப் போகிற வெள்ளைச் சட்டையை உத்தேசித்து, சர்க்கரைத் தட்டுக்குக் காவல் என்று சொல்லி உள்ளேயே உட்கார்ந்திருந்தவனும் நான்தான். உன் மாமா, மச்சான்மார், அண்டை வீட்டார் எல்லோரும் பின்னால் தோள் கொடுத்தார்கள். "மாப்ள, காத்தடி! இன்னும் அடி! ஒறங்குறியா?" என்று டிரைவர் கத்தினார். நீ சுற்றினாய். என்ஜின் பிடித்தது. பிடித்த சந்தோஷத்தில் அடுப்பு ஒரு தும்மல் போட்டது பார், அம்புட்டுக் கரியும் தள்ளினவர்கள் மேல்தான். பஸ் மேடேறிப் பெண் வீட்டு வாசலில் போய் நின்றபோது, அதிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையும் ஒரு டஜன் கரிமூட்டைகளும் இறங்கின.

அங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. வாசலில் நின்றவர்களிடம், "மாப்ளயும் வந்திருக்காப்ல!" என்று சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஒரு செய்தி கையில் இருக்கும்போது அதைச் சொல்லாமல் வைத்திருக்க எனக்குத் தெரியாது. உடனே உள்ளே ஒரே பரபரப்பு. மாப்பிள்ளை வாசலுக்கு வந்துவிட்டால் பெண்ணின் தாய்மாமன் மாலை போட்டு அழைக்காமல் இருக்கலாமா? மைமூனின் மாமா வயதானவர், கண் மங்கல். வீட்டிலிருந்த மாலையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பார்த்தார். எதிரே முகம் தெரியாமல் கரி பூசிய கூட்டம். அதன் நடுவே வெள்ளைச் சட்டை, வாசனை அத்தர், வாரிவிட்ட மீசையோடு ஒருத்தன். மாப்பிள்ளை இவர்தான் என்று மாலையை என் கழுத்தில் போட்டுக் கையைப் பிடித்துவிட்டார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன் என்று இதுவரை எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். உனக்கு உண்மையைச் சொல்கிறேன்: திறக்கவில்லை. மாலை நன்றாக இருந்தது. மனிதன் இரண்டாவது தரம் மாலை போட்டுக்கொள்வது அடிக்கடி வாய்க்கிறதா? உன் அம்மாதான் பஸ் படியிலிருந்தே, "கழட்டுங்க அத! இந்த வயசுல இன்னொரு நிக்காஹ் கேக்குதோ?" என்றாள். அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தச் சிரிப்பு வந்தது. திரைக்குப் பின்னால் பல பெண்டுகள் சிரித்தார்கள். ஒரு சிரிப்பு மட்டும் மற்றவை அடங்கிய பிறகும் அடங்கவில்லை. அது மைமூன்.

நீ பஸ்ஸின் பின்னால் அதைக் கேட்டாய். மாலை எனக்குப் போட்டது உனக்குத் தெரியாது. உன் கரி முகத்தைப் பார்த்துத்தான் வீடே சிரிக்கிறது என்று நினைத்துக்கொண்டாய். திரும்பி வரும்போது நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் உன்னிடம் பேசவில்லை. என் மாலைக் கதையை முன்பக்கம் இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். மதுரை வந்து சேருவதற்குள் அதை இன்னும் கொஞ்சம் அழகாகவும் ஆக்கியிருந்தேன். எல்லோருக்கும் சொன்னதை உன்னிடமும் ஒரு தரம் சொல்லியிருந்தால் போதும்.

நீ போன பின் சோழவந்தானில் அவர்கள் வீட்டுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. போகாமலும் தீராது. பெண் வீட்டில் நம்முடைய சர்க்கரைத் தட்டு இருக்கிறது. தட்டு அங்கே இருக்கிற மட்டும் பேச்சு உறுதி. அவர்கள் திருப்பி அனுப்பினால் உறவு முறிந்தது. அதை வாங்கிக்கொண்டு வந்துவிடுவது என்றுதான் ஒரு காலையில் போனேன். மைமூனின் அத்தா கொடிக்காலிலிருந்து வந்து, கையிலிருந்த வெற்றிலைக் கட்டை இறக்கி வைத்துவிட்டு, கோபத்தைக் காட்டாமல் எதிரே உட்கார்ந்தார். கோபித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"பையன் எங்க இருக்கான்னு தகவல் உண்டா?" என்றார்.

"இல்ல மச்சான்."

"வருவானா?"

"அதுவும் தெரியல."

"தெரியலன்னு ஒங்க வாய்ல இருந்து வர்றது இதுதான் மொதத் தடவ" என்றார். பிறகு உள்ளே கையைக் காட்டினார். "சர்க்கரை அப்படியே இருக்கு. ஒரு கல்லு எடுக்கல. நாங்க கருப்பட்டி போட்டுத்தான் குடிச்சுக்கிட்டு இருக்கோம். குடுத்தனுப்பிடலாம்னு வீட்டுல சொன்னேன். மைமூன்தான் வேணாங்கிறா. ஊர்ல எம்புள்ளயப் பேசுறாக மச்சான். 'சிரிச்சே மாப்பிள்ளைய வெரட்டுனவ'ங்கிறாக. அடுத்து ஒருத்தன் கேட்டு வருவானா, சொல்லுங்க."

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பயந்த குரல் இல்லை. உரத்த குரலும் இல்லை. "மாமா, நான் சிரிச்சது அவுகளப் பாத்து இல்ல. ஒங்களப் பாத்து."

"அது தெரியும்மா. நானே சிரிச்சேன்."

"பொருட்காட்சியில வச்ச பொம்மை ராசா மாதிரி நின்னீக. அதான். அவுகளையும் பாத்தேன். எல்லாரும் எறங்குனதும் தண்ணி எங்க, துண்டு எங்கன்னு மொகத்தத் தொடைக்க ஓடுனாக. ஒருத்தர் மட்டும் போகல. பக்கத்துல எங்க வைக்கோப்போர் இருந்துச்சு. பொறி பறக்காம அடுப்பு வாய அடைச்சிட்டு, கீழ விழுந்த கங்கு ஒவ்வொண்ணையும் மண்ணத் தள்ளி அணைச்சிட்டு, அப்பறமும் அங்கனயே நின்னாக. மாலை யாருக்குப் போட்டா என்ன? மாப்ள யாருன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு."

அவள் அத்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன். அன்றைக்குக் கரி எதுவும் இல்லை, வெறும் வியர்வை என்று வைத்துக்கொள். அவள் இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா ஒண்ணு மாமா. நான் சிரிக்கிறவ. நிக்காஹ் முடிஞ்சாலும் சிரிப்பேன். சிரிக்கிறப்பல்லாம் அவுக ஓடுனா, நான் எத்தன ஊர்ல தேடுறது? அவுகளுக்குப் பிடிக்கலன்னா ஒரு வார்த்த சொல்லிரட்டும். நான் அழுதுக்கிட்டு உக்கார மாட்டேன். பெருநாள் வரைக்கும் தட்டு இங்கன இருக்கட்டும். பிறை பாத்த மறுநாளு அத்தா முடிவு பண்ணுவாக." அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். அவள் அத்தா எழுந்து, கொண்டு வந்த வெற்றிலைக் கட்டில் பாதியை என் கையில் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

மகனே, ஒரு தகப்பன் பிள்ளைக்கு அறிவுரை சொல்வதென்றால் தானும் கொஞ்சம் யோக்கியனாக இருக்க வேண்டும்; அந்தக் கணக்கில் என்னால் நிறையப் பேச முடியாது. ஒன்றே ஒன்று சொல்லி விடுகிறேன். காலால் ஓடுகிறவனை யாரும் குற்றம் சொல்ல முடியாது. கால் வலித்தால் அவனே நிற்பான். நீ மதுரையை விட்டு ஓடியது அப்படிப்பட்டது, அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. பதில் சொல்லாமல் இருக்கிறாயே, அதுதான் கால் இல்லாத ஓட்டம். அதற்கு அலுப்பே கிடையாது. நீ ஓர் ஊரில் உட்கார்ந்து சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும்போதும் அது ஓடிக்கொண்டே இருக்கிறது, நீ ஓட ஓட ஒரு பெண்ணின் பெயரை ஊர் மிதிக்கிறது. அவளைப் பிடிக்கவில்லையென்றால் ஒரு தபால் கார்டு போடு. நான் போய்த் தட்டை வாங்கிக்கொண்டு, குறை உன் பேரில்தான் என்று சந்தையில் நின்று சொல்கிறேன். என் வாய்க்கு அது ஒரு நல்ல உபயோகம். பிடித்திருந்தால் வா. ஓடி வர வேண்டாம், நடந்தே வா. வந்தால் எங்கே போனாய் என்று நான் கேட்க மாட்டேன். "எண்ணெய் எங்கடா?" என்று மட்டும்தான் கேட்பேன். உன் அம்மா கேட்பாள்; அதை நீ பட்டுத்தான் ஆக வேண்டும்.

வீட்டில் எல்லோரும் சுகம். அடுப்புக்காரருக்குக் காய்ச்சல் விட்டது. பஸ் தினமும் சோழவந்தான் போகிறது, தினமும் அந்த வாய்க்கால் மேட்டில் நிற்கிறது, சட்டப்படி எல்லோரும் இறங்கித் தள்ளுகிறார்கள். மேட்டுக்கு நேரே மைமூன் வீட்டுச் சன்னல். பஸ் நின்றதும் அங்கே திரை கொஞ்சம் விலகுகிறது. உள்ளே உட்கார்ந்திருந்த நான் முதலில் அதைக் கவனிக்கவில்லை, பிறகுதான் புரிந்தது. தள்ளுகிறவர்களுடைய கரி முகங்களை யாரோ ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். கடைசி முகத்தையும் பார்த்து முடித்த பிறகு திரை மூடிக்கொள்கிறது. இப்போதெல்லாம் நானும் இறங்கித் தள்ளுகிறேன், மகனே. வெள்ளைச் சட்டை போடுவதில்லை. தேடுகிற கண்ணுக்கு நடுவில் ஒரு வெள்ளை இடைஞ்சலாக இருக்கக் கூடாது.